கூலியும் வேண்டும், கீரையும் வேண்டும்!

தோழர்களே!

"சோற்றுக்கே தாளம் போடுகிறோம். இந்த நேரத்தில் கீரையைப் பற்றி எழுத வந்துவிட்டாயா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பஞ்சப்படி கேட்டுப் போகிறவனிடம், "சிக்கனமாக இரு, கீரை வாங்கிச் சாப்பிடு" என்று புத்தி சொல்லி அனுப்பும் கனவான்களை நாம் அறிவோம். அந்தக் கூட்டத்தின் குரல் அல்ல இது. கூலி உயர்வுக்கு ஒரு கட்டுக் கீரை ஒருநாளும் ஈடாகாது.

ஆனால், போராடிப் பெற்ற கூலி வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்னவாக மாறுகிறது? தட்டில் என்ன விழுகிறது? யாருடைய தட்டில் எவ்வளவு விழுகிறது? இதை நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

நம் தட்டைப் பார்ப்போம். வெள்ளை வெளேரென்று மலைபோலச் சோறு. அதன்மேல் குழம்பு. ஓரத்தில் ஊறுகாய். வயிறு நிறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. வயிறு நிறைந்தவனுக்கும் இரத்தம் சுண்டும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஷிப்டு முடியுமுன்பே கண் இருட்டும். "வேலைக் களைப்பு" என்று சொல்லிப் படுத்துவிடுகிறோம். களைப்பல்ல தோழர்களே, பல சமயங்களில் அது சோகை!

இதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. அதுவும் நம் தொழிலாளி வர்க்கத்தின் சரித்திரம். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், கர்ப்பமுற்ற காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆராய்ந்தார் அந்த டாக்டர். ஏதோ கிருமி என்று முதலில் சந்தேகம். கடைசியில் பழி வந்து விழுந்தது அவர்களுடைய சாப்பாட்டின் மேல். காய் இல்லை, கனி இல்லை, கீரை இல்லை. நம் நீலகிரியிலுள்ள குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திலும் எலிகளை வைத்து அவர் சோதனை நடத்தினார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சத்தைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது உலகத்துக்குத் தெரியாது.

1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் கீரையை அரைத்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பம்பாய் ஆலைப் பெண்களின் உயிரைக் காத்த சத்து அந்த வகையைச் சேர்ந்ததே என்று பின்னர் தெளிவாயிற்று. இன்று கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது. உலக மருத்துவத்துக்கு இந்தப் பாடத்தைத் தந்தது யார்? நம் நாட்டு ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் வெளுத்த இரத்தம்!

பாடம் உலகத்துக்குக் கிடைத்தது. நம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்லுகிறது? தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. இரண்டு வீட்டை எடுத்துக்கொண்டால் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இரத்தம் போதவில்லை. அது ஏன் என் வீடாக இருக்கக் கூடாது, ஏன் உங்கள் வீடாக இருக்கக் கூடாது?

வெட்கத்தை விட்டுப் பேசுவோம். மேடையில் சமத்துவம் முழங்குகிறோம். அடுப்படியில் என்ன நடக்கிறது? முதல் பந்தி நமக்கு. அடுத்து பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள் வீட்டுக்காரி. கீரை வெந்தால் சுருங்கும். ஒரு கட்டு வாங்கினால் ஒரு கிண்ணம் மசியல். அது நம் தட்டோடு முடிந்துவிடுகிறது. யாருக்கு இரத்தம் அதிகம் தேவையோ அவளுக்கு ரசமும் அடிச்சோறும்!

இன்னொன்றும் உண்டு. "எங்கள் வீட்டில் கீரையே செய்வதில்லை" என்று சலித்துக்கொள்ளும் தோழரே, ஒரு கூடை முருங்கைக் கீரையை உருவிப் பார்த்திருக்கிறீரா? சிறுகீரையை ஆய்ந்து, மண் போக அலசி, நறுக்கி எடுக்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா? வேலைக்குப் போய்த் திரும்பி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கவனிக்கிறவளுக்கு ஏது அந்த நேரம்? கீரை ஆய்வது பெண்கள் வேலை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மாலையில் பத்திரிகை படிக்கும் அந்த அரை மணியில் கீரையை ஆய்ந்து கொடுங்கள். கை ஒன்றும் தேய்ந்துவிடாது!

காசு? டீக்கடையில் ஒரு மாலைப்பொழுதின் பஜ்ஜிக்கும் டீக்கும் போகிற காசில் ஒரு கட்டு அரைக்கீரை வந்துவிடும். முருங்கைக்கு அந்தக் காசும் வேண்டாம். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் மரமாகிவிடும். அகத்தி, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி எல்லாம் நம் மண்ணில் தாமாக வருகிறவை. "ஏழை தின்னும் தழை" என்று அவற்றை இகழக் கற்றுக்கொடுத்தவன் எவனோ, அவன் நமக்கு நண்பனல்ல.

செய்யும் முறையில் சில கவனங்கள் வேண்டும். கீரையை அலசிவிட்டு நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். வெந்த நீரைக் கொட்டக் கூடாது. நெடுநேரம் வேகவிடக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தால் கண்ணுக்கான சத்து உடம்பில் சேரும். கீரையிலுள்ள இரும்பை உடம்பு முழுவதும் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைந்துவிடும். ஆகவே டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

கீரை உணவுதான், மந்திரமல்ல. சோகை முற்றியவருக்குக் கீரை மட்டும் போதாது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்து, டாக்டர் சொல்லும் மாத்திரையைக் கொடுக்க வேண்டும். பருப்பும் முட்டையும் மீனும் தட்டில் சேர வேண்டும். அவற்றை வாங்கக் கூலி வேண்டும். ஆகவே மீண்டும் போராட்டத்துக்கே வந்து சேருகிறோம்!

சங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் கேண்டீன் வைக்க வேண்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று வழி வகுத்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். கேண்டீன் கமிட்டியில் நம் தோழர்கள் உட்காருகிறார்கள். அங்கே வடையின் அளவைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா? "வாரத்தில் மூன்று நாள் கீரை போடு, பருப்பைத் தண்ணீராக்காதே" என்று கேட்க வேண்டாமா? சங்கக் கட்டடத்தின் பின்புறம் சும்மா கிடக்கும் இடத்தில் இரண்டு முருங்கை நட என்ன தடை?

தோழர்களே! நாளைக்கு வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஒரு கட்டல்ல, இரண்டு கட்டுக் கீரை வாங்கிச் செல்லுங்கள். நீங்களே ஆயுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் கரண்டியை அவள் தட்டில் போடுங்கள்.

வெளுத்த இரத்தத்தோடு நெடும் போராட்டம் நடத்த முடியாது. கூலியும் வேண்டும், கீரையும் வேண்டும். இரண்டும் நம் உரிமை!