மஸ்கூஷ் புகையிரதம்: பாதை பறிபோன கதை

சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்கு வரும் எம்மவர் எல்லோரும் இன்று அயலில் வசிப்பவர்கள் அல்லர். வாடகையும் வீட்டு விலையும் துரத்த, தெரபோன், மஸ்கூஷ் என்று மொன்றியல் தீவுக்கு வெளியே குடிபெயர்ந்தோரும் உளர். அப்பகுதி மக்களுக்கெனப் போடப்பட்ட கிழக்குப் புகையிரதமோ சனி, ஞாயிறுகளில் ஓடுவதில்லை.

2006இல் இத்திட்டத்தை அறிவித்தபோது செலவு 30 கோடி டொலர் என்றார்கள். 2014 டிசெம்பரில் முதல் வண்டி புறப்பட்டபோது அது இரு மடங்கைத் தாண்டியிருந்தது. பெரும்பகுதித் தூரம் கனேடியன் நாஷனல் நிறுவனத்தின் சரக்குத் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டம். வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர் அள்ளி முடித்தபின் கிணற்றில் நீர் அள்ளுவது போன்ற நிலை. காலையில் நகருக்கும் மாலையில் வீட்டுக்குமாகச் சில வண்டிகள் மட்டுமே. இரவுவேலை முடித்து வருபவருக்கு இதனால் என்ன பயன்?

இதனினும் பெரிய பிழை பின்னரே வந்தது. நகர மையத்தை அடைய இவ்வண்டி 1918இல் திறக்கப்பட்ட மவுண்ட் றோயல் சுரங்கத்தினூடாகச் சென்றது. அங்கே டீசல் புகைக்கு இடமில்லை. ஆகவே மின்சாரத்திலும் டீசலிலும் ஓடக்கூடிய 20 இயந்திரங்கள் வாங்கப்பட்டன. பாதை திறந்து 16 மாதங்களில், 2016 ஏப்பிரலில், கியூபெக் ஓய்வூதியப் பணத்தை முதலிடும் நிறுவனம் 'றெம்' என்னும் புதிய தொடருந்துத் திட்டத்தை வெளியிட்டது. அதற்கும் அதே சுரங்கம் வேண்டுமாம்! இரு வேளைகளிலும் பதவியில் இருந்தது பிலிப் கூயாரின் அரசே.

2020இல் சுரங்கம் மூடப்பட்டது. மஸ்கூஷ் வண்டிகளுட் சில மலையைச் சுற்றி நெடுவழி சென்றன. பயணிகள் பலர் சோவேயில் இறங்கி, நெரிசலுக்குப் பெயர்போன செம்மஞ்சள் மெற்றோவுக்கு மாறினர். அங்கிருந்து மூன்றாவது நிலையம் ஜான்-டலோன். மின்சாரத்திலும் ஓடவென வாங்கிய இயந்திரங்கள் டீசலில் மட்டும் ஓடலாயின. அச்சுரங்கத்தையே நம்பியிருந்த டூ-மொன்தாஞ் பாதைப் பயணிகள் நிலை இதிலும் மோசம்: அவர்களது புகையிரதம் 2020 முடிவில் நின்றுபோயிற்று, மாற்றான றெம் கிளை திறந்தது 2025 நவம்பரில்.

றெம்மை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அது அடிக்கடி ஓடுகிறது, வார இறுதியிலும் ஓடுகிறது. தொழிலாளிக்கு வேண்டியது அதுதான். ஆனால் ஒரே சுரங்கத்தை இருவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் பதில் சொன்னதாக நாம் அறியோம். இனி மஸ்கூஷ் பயணிகள் கோத்-டு-லியெஸ் நிலையத்தில் றெம்முக்கு மாறி நகர மையத்துக்குச் செல்லலாம். அதுவரை வந்துசேர, அதே கிழக்கு வண்டியைத்தான், அதே சரக்குத் தண்டவாளத்தில், வாரநாள்களில் மட்டும் பிடிக்கவேண்டும்.