மார்க்கைக் கேட்கும் வாப்பாவே, நேரத்தைக் கொடுத்தீர்களா?

வியாபாரச் சகோதரர்களே! ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் அன்றுதான் மகன் படிக்கிறான் என்ற நினைவே உங்களுக்கு வருகிறது. அதுவரை? பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைக் கல்லாவில் உட்கார வைத்தீர்கள். இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, "போய்ப் படிடா" என்றீர்கள். தூங்கி விழுந்தால் ஏசினீர்கள். மார்க் குறைந்ததும், "இவன் மண்டையில் ஏறாது, விசா எடுத்து அனுப்பிவிடலாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்.

குற்றம் அவன் மண்டையிலா? சிந்தியுங்கள்!

வருடம் முழுவதும் பேரேட்டைத் திறக்காமல், மார்ச் 31 ராத்திரி உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் எழுதுகிற வியாபாரிக்கு நீங்கள் சரக்குக் கடன் கொடுப்பீர்களா? பரீட்சைக்கு முந்தின இரவு டீயைக் குடித்துக் குடித்து விடிய விடியப் படிக்கும் உங்கள் மகனும் அதைத்தானே செய்கிறான்? அதை மட்டும் 'கஷ்டப்பட்டுப் படிக்கிறான்' என்று பெருமை பேசுகிறீர்களே!

நமக்குத் தெரியாத வித்தையா இது? ஹிஃப்ளு மதரஸாவில் சின்னஞ்சிறு பையன் 30 ஜுஸ்உகளையும் நெஞ்சில் ஏற்றுகிறானே, எப்படி? நானும் அந்தப் பாயில் உட்கார்ந்தவன்தான். அன்றைய சபக் கொஞ்சம்தான் இருக்கும். அதை முஸ்ஹஃபை மூடிவிட்டு உஸ்தாத் முன் ஒப்புவிக்க வேண்டும். கூடவே சென்ற வாரப் பாடம், அதற்கும் முந்திய பழைய பாடம். இஷாவுக்குப் பின் படுக்கை, ஃபஜ்ருக்கு முன் எழுப்பல். அங்கே பிரம்பும் இருந்தது, மறைக்கவில்லை. பிரம்பை விட்டுவிடுங்கள், முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் கண்டார்கள். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் பாடம் தங்கும் என்று ஜெர்மனியின் எபிங்காஸ் 1885-லேயே எழுதினார். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே பாடத்தை நான்கு தவணை வாசித்தவர்கள், ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் சொன்னார்கள். ஒரே தவணை வாசித்து, மூன்று தவணை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களோ 61 சதவீதம் சொன்னார்கள்!

தம்பி, உனக்குத்தான் இது! புத்தகத்தைப் பத்து முறை புரட்டினால் படித்துவிட்டதாக மனசு ஏமாற்றும். மூடிவைத்து எழுதிப் பார். கணக்கா? விடையைப் பார்க்காமல் போட்டுப் பார். இன்று படித்ததை நாளை ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை சோதித்துக்கொள். படிக்கும்போது செல்போன் உம்மாவிடம் இருக்கட்டும். தூக்கத்தைத் திருடாதே. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.

சமுதாயமே! முதல் மூன்று இடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தினோமா? அதிக மார்க் எடுத்தவனுக்குச் சுவரொட்டி. தோற்றவன் பள்ளிவாசலுக்கு வரவே கூசுகிறான். துணைத் தேர்வு எழுதி, ஜெயித்தால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்று அவனிடம் யார் சொன்னோம்? சாப்பிடாமல், தூங்காமல், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசினால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

கேட்பது இரண்டுதான். வாப்பாமார்களே, மஃரிபுக்குப் பின் இரண்டு மணி நேரம் மகனைக் கடையிலிருந்து விடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, இரவில் பூட்டிக் கிடக்கும் மதரஸா ஹாலைத் திறந்து விளக்கைப் போடுங்கள். இதைக்கூடச் செய்யாமல், ரிசல்ட் அன்று மட்டும் மார்க் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?