ஆய்வாளர் எந்தக் கட்சி?

ஓர் அரசுத் திட்டத்தைப் பற்றி ஆய்வறிக்கை வெளிவந்தால், எழுதியவர் எந்தக் கட்சிக்காரர் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். கணக்கை எப்படிப் போட்டார் என்று கேட்பவர் குறைவு. கொள்கை ஆய்வு என்பது கட்சிப் பிரச்சாரத்துக்கு மாட்டிவிட்ட புள்ளிவிவரச் சட்டை, ஆளாளுக்குத் தம் தலைவருக்கு வேண்டிய விடையைத்தான் எழுதுவார்கள் என்பது தொலைக்காட்சி விவாதம் முதல் கல்லூரி வகுப்பு வரை வேரூன்றிய நம்பிக்கை. உலக அனுபவம் கண்டவர் பேச்சுபோல அது ஒலிக்கிறது. ஆனால் நடந்த வரலாறு அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம், நிதி அதிகாரம் குறித்து அதிபர் நிக்சனோடு மூண்ட மோதலையடுத்து 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. முதல் இயக்குநர் ஆலிஸ் ரிவ்லின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். எந்தக் கொள்கையையும் அலுவலகம் பரிந்துரைக்கக் கூடாது. என்ன செலவாகும், யாருக்கு என்ன நேரும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்ற மரபு அவர் காலத்திலேயே வேரூன்றியது.

அந்த மரபுக்கு 1994இல் கடும் சோதனை வந்தது. அதிபர் கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றாக்குறையைக் குறைக்கும் என்றது வெள்ளை மாளிகை. ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை இருந்த காலத்தில் நியமிக்கப்பட்ட இயக்குநர் ராபர்ட் ரைஷாவர், முதல் சில ஆண்டுகளில் அது பற்றாக்குறையைக் கூட்டும் என்றும், காப்பீட்டுத் தொகைகளை அரசின் வரவு செலவிலேயே காட்ட வேண்டும் என்றும் அறிக்கை தந்தார். ஏற்கெனவே தள்ளாடிய திட்டத்துக்கு அது பெரிய அடி.

2017இல் காட்சி தலைகீழானது. குடியரசுக் கட்சி தானே தேர்ந்தெடுத்த இயக்குநர் கீத் ஹால். ஒபாமா காலக் காப்பீட்டுச் சட்டத்தை மாற்ற அதே கட்சி கொண்டுவந்த மசோதாவால், 2026க்குள் காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை 2.4 கோடி கூடும் என்று அவருடைய அலுவலகம் மார்ச் மாதம் அறிவித்தது. பற்றாக்குறை 33,700 கோடி டாலர் குறையும் என்பதையும் அதே அறிக்கை மறைக்காமல் சொன்னது. ஜூலையில் செனட்டில் அந்த முயற்சி 49க்கு 51 என்று தோற்றது. நியமித்தவருக்கு வேண்டியதையே ஆய்வாளர் எழுதுவார் என்பவர்கள் இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் விளக்கம் சொல்லட்டும்.

எண்களுக்குள்ளும் அரசியல் உண்டே என்பார்கள். உண்டுதான். எதை எண்ணுவது, யாருடைய இழப்பைப் பெரிதாகக் கொள்வது என்பவை மதிப்பீடு சார்ந்த கேள்விகள். அதனால்தான் அவற்றைக் கணக்கிலிருந்து பிரித்துக் காட்டும் பயிற்சி தேவைப்படுகிறது. குறைந்தபட்சக் கூலியை 2025க்குள் மணிக்கு 15 டாலராக்கினால் என்ன ஆகும் என்று அதே அலுவலகம் 2019இல் ஆராய்ந்தது. சுமார் 13 லட்சம் பேர் வேலை இழக்கலாம், இந்த இழப்பு ஏறத்தாழப் பூஜ்யமாகவும் இருக்கலாம், 37 லட்சத்தையும் தொடலாம். கூடவே 13 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்றது. கூலி உயர்வை எதிர்த்தவர்கள் முதல் பாதியையும், ஆதரித்தவர்கள் பின் பாதியையும் தூக்கிப் பிடித்தார்கள். அறிக்கை சொன்னதோ இரண்டையும்.

கொள்கை ஆய்வு கற்பிக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கூலி உயர்வை ஆதரிக்கும் மாணவர் எதிர்ப்பவருக்காகவும், எதிர்ப்பவர் ஆதரிப்பவருக்காகவும் குறிப்பு எழுத வேண்டும். எதிர்த் தரப்பு அதைப் படித்து, "எங்கள் வாதம் இதுதான்" என்று ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண். இப்படிப் பயின்றவர் தம் அரசியலைக் கைவிட வேண்டியதில்லை. தம் விருப்பம் எங்கே முடிகிறது, சான்று எங்கே தொடங்குகிறது என்று காட்டத் தெரிந்தால் போதும். எல்லாம் கட்சி அரசியல் என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், மாணவரிடமிருந்து இந்தத் திறமையைப் பறிக்கிறார்.

நெதர்லாந்தில் இப்படிக் கட்சி சாராமல் கணக்குப் பார்ப்பது தேர்தல் வழக்கமாகவே ஆகிவிட்டது. 1945இல் பொருளியலாளர் யான் டின்பெர்கன் தலைமையில் தொடங்கிய மத்தியத் திட்டமிடல் அலுவலகம், 1986 முதல் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளுக்குக் கணக்குப் போட்டு வெளியிடுகிறது. அது அரசு அலுவலகம். பங்கேற்பது கட்டாயமும் இல்லை. ஆனாலும் ஆளுங்கட்சியோடு எதிர்க்கட்சிகளும் தங்கள் வாக்குறுதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பதே காரணம்.

இந்தியாவில் என்ன நிலை? தமிழ்நாட்டின் இலவசப் பொருள் வாக்குறுதிகள் தொடர்பான வழக்கில், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்குச் சொன்னது. வாக்குறுதியின் செலவையும் அதற்கான நிதி வழியையும் தெரிவிக்க ஒரு படிவத்தை ஆணையம் 2022இல் முன்மொழிந்தபோது கட்சிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. என்.கே. சிங் தலைமையிலான குழு 2017இல் பரிந்துரைத்த சுதந்திரமான நிதி மன்றமும் இன்னும் அமையவில்லை. விளைவாக, மகளிர் உரிமைத் தொகையோ பழைய ஓய்வூதியமோ, ஒரு தரப்புக்கு வீண் செலவு, மறு தரப்புக்குச் சமூக நீதி என்ற கூச்சலோடு விவாதம் முடிந்துபோகிறது.

அந்த மன்றம் மத்தியிலும் மாநிலங்களிலும் அமைய வேண்டும். தலைவரை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவுகளோடு அனுமானங்களையும் அது தமிழிலும் வெளியிட வேண்டும். அடுத்த தேர்தல் அறிக்கைகள் அச்சேறும் முன் அது கட்சிகளின் கணக்குகளைக் கேட்டு வாங்கட்டும். தர மறுக்கும் கட்சியின் பெயரையும் வெளியிடட்டும்.