உறக்கத்தை ஒத்திப்போடும் இரவுகள்

கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு என்பார் வள்ளுவர். காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், உறக்கம் என்பன அவை. உறக்கத்தையே காலம் தாழ்த்தும் ஒரு தலைமுறை வரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

வேறு தடை ஏதும் இல்லாதிருந்தும், படுக்க எண்ணிய நேரத்தில் படுக்காதிருத்தலை, நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் புளோர் குரூசெயும் அவர்தம் குழுவினரும் 2014-இல் தனியொரு பழக்கமாக வரையறுத்துப் பெயரிட்டனர். இது உறக்கம் வாராமை என்னும் நோயன்று. வந்த உறக்கத்தை நாமே வாயிலில் காக்க வைக்கின்றோம். இரவுப் பணியாளரும் கைக்குழந்தையுடைய தாயரும் இக்கணக்கில் அடங்கார். அவர்களைக் குறை கூறுதல் தகாது.

விடுதிகளில் இதற்கு நாம் கண்ட மருந்து, விளக்கணைக்கும் மணியும் அறிவுரையுமே. விளக்கு அணைந்த பின்னும் போர்வைக்குள் கைப்பேசி ஒளிர்கிறது. அதன் விலையை மறுநாள் முதற்பாடவேளை செலுத்துகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த மாணவனுக்கு அவ்விழப்பு சிறிதன்று. "இன்று முதல் விரைவில் உறங்குவேன்" என்னும் உறுதியை அவன் பலமுறை எடுத்தவனே. விருப்பம் இல்லாமை அவன் குறையன்று. அவ்விருப்பம் எக்கணத்தில் எச்செயலாக மாற வேண்டும் என்று வரையறுக்கப்படாமையே குறை என்பது நம் கருத்து.

உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் வழிகாட்டும். "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என முன்னரே மனத்தில் பிணைத்து வைப்பின், அக்குறி தோன்றியவுடன் செயல் எளிதில் எழுகிறது. களைத்த மனத்தோடு அந்நேரத்தில் வழக்காட வேண்டியதில்லை. இனிய கனவு மட்டும் காண்போர் முயற்சி தளர்வர் என்று காட்டியவர் கேப்ரியேல் ஓட்டிங்கன். விரும்பும் பயனையும், அதற்குத் தன்னுள்ளேயே நிற்கும் தடையையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பார் அவர். இவ்விருவரும் வால்ஷ்டைன் என்பாரோடு இணைந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரு முறைகளையும் சேர்த்துப் பயின்றோரிடம் படுக்கையைத் தள்ளிப்போடும் பழக்கம் குறைந்தது.

தடையை நேர்மையாகக் கண்டறிதலே கடினம். "கைப்பேசி" என்பது விடையாகாது. பகலெல்லாம் பிறர் ஏவலில் கழிந்தது, இந்த ஒரு மணி நேரமாவது எனக்குரியது என்னும் ஏக்கம் பலரிடம் உண்டு. அதை அறிந்தவன், "இன்னும் ஒன்று பார்க்கலாம் என்று தோன்றினால், கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் பல் துலக்கச் செல்வேன், நாளை மாலை ஐந்து மணி எனக்குரியது" என்று திட்டமிடலாம். மாலையில் அந்த நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுப்பது பெற்றோர், ஆசிரியர் கடமை. இரவு பத்தரைக்குச் சோறு பரிமாறும் இல்லங்களும் சற்றுச் சிந்திக்கட்டும்.

பழக்கம் ஒரு வாரத்தில் வேரூன்றாது. இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், அதற்குக் கணக்கிடப்பட்ட காலம் ஆளுக்கேற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையே ஒருநாள் தவறியமை பெருங்கேடு விளைக்கவில்லை.

ரமலானில் மட்டும் குறியை மாற்றியமைக்க வேண்டும். ஸஹருக்கு எழ வேண்டியவனுக்குப் பழைய மணிக்கணக்கு உதவாது. தராவீஹ் முடிந்து வீடு திரும்பிக் காலணி கழற்றும் கணத்தை அவன் குறியாகக் கொள்ளலாம். அங்கிருந்து நேரே படுக்கைக்குச் செல்லலாம், தெருமுனைத் தேநீர்க் கடை நண்பர்கள் விட்டால்.