ஆபிஸ் சாவி யார் கையில்?

தோழர்களே! கியா பார்ம் மலையில் கொழுந்து பறிப்பவரானாலும், கீழே பால்மரம் வெட்டுபவரானாலும், நம் அடையாளக் கார்டு நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இருப்பது தோட்ட ஆபிஸ் அலமாரியில். அந்த ஆபிஸைக் கூட்டும் வேலையை, குறைந்த விலை கேட்ட குத்தகைக்காரனிடம் சாவியோடு தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? மாதம் ஒரு புதுமுகம். பெயர்ப் பதிவும் இல்லை. தாளொன்று காணாமற்போனால் பழி மட்டும் கூட்டுகிற அம்மாவின் தலையில்!

நம் விவரங்களைக் காக்கும் கடமையை, 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிர்வாகத்தின் மேல்தான் சுமத்துகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 33-ஆம் பிரிவின்படி, குத்தகைக்காரன் கூலி தராவிட்டால் 3 மாதக் கூலிவரை வேலை கொடுத்த முதலாளியும் பொறுப்பாளியே. நாம் கேட்பது இதுதான்: அலமாரிக்குப் பூட்டு, சாவிக்குக் கையெழுத்துப் புத்தகம், கூட்டுபவருக்கு நிரந்தர வேலை. பழகிய தொழிலாளியே முதற்காவல். மலிவுக் குத்தகை காவலாகாது!