ஏழு டம்ளர்

பெரியம்மாவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. கோவை காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கணினி மையத்தில் போய் உட்கார்ந்தோம். பெயரைப் போட்டாயிற்று. அடுத்த கட்டம் கடைசிப் பெயர். இனிஷியலைப் போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது, மூன்று எழுத்தாவது வேண்டுமாம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

“வேற ஏதாச்சும் பேரு இருக்குங்களாம்மா?” என்றார் மையத்துப் பையன்.

“என்ற பேரு அவ்வளவுதான் கண்ணு.”

கடைசியில் பெரியப்பா பெயரைச் சேர்த்து அனுப்பினோம். ஆதாரில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷிக்குத் தன் பெயரே போதவில்லை என்று சொல்லும் கணினியை எப்படி மன்னிப்பது? இனிஷியலோடு பெயர் எழுதும் ஊர் இது என்பது யாருக்குத் தெரியாது? அந்த நிரலை எழுதியவருக்கு நிரல்மொழி தெரியாமல் இல்லை. எழுத உட்காரும் முன் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை: உள்ளே என்னவெல்லாம் வரும்?

அந்தக் கேள்வியைப் பதினாறு வயதிலேயே சொல்லித்தரும் புத்தகம் நம்மிடம் இருக்கிறது. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல்தான் அது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

சி++ பாடத்துக்குப் போகும் முன் அந்தப் புத்தகம் சில அத்தியாயங்கள் சிந்திக்க மட்டுமே கற்றுத்தருகிறது. உள்ளே வருவது எது, வெளியே தர வேண்டியது எது என்று முதலில் எழுதச் சொல்கிறது. ஆடு, புல்லுக்கட்டு, ஓநாயோடு ஆற்றைக் கடக்கும் விவசாயி வருகிறார். சந்தித்தால் நிறம் மாறும் பச்சோந்திகள் வருகின்றன. எனக்குப் பிடித்தது டம்ளர் கணக்கு. மேசையில் ஏழு டம்ளர், ஏழும் கவிழ்ந்திருக்கின்றன. ஒரு தடவைக்கு ஏதாவது இரண்டைத் திருப்பலாம். எல்லாவற்றையும் நிமிர்த்த முடியுமா?

வீட்டில் செய்து பாருங்கள். எவ்வளவு நேரம் திருப்பினாலும் ஒன்றாவது கவிழ்ந்தே நிற்கும். இரண்டைத் திருப்பும்போது கவிழ்ந்தவற்றின் எண்ணிக்கை இரண்டு கூடும், இரண்டு குறையும், அல்லது அப்படியே இருக்கும். ஏழு ஒற்றைப்படை, அதனால் எப்போதும் ஒற்றைப்படைதான். பூஜ்யமோ இரட்டைப்படை. ஆயிரம் தடவை திருப்பினாலும் அங்கே போய்ச் சேராது. எது மாறினாலும் எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், செய்து பார்க்காமலே முடிவு சொல்லிவிடலாம். கணிதம் என்பது இந்தத் துணிச்சல்தான். 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி குறித்து அறிக்கை தந்த குழு, குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் பெரிய நோக்கம் என்றது. அதற்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம். அந்த நோக்கம் நம் பாடநூல் ஒன்றில் இவ்வளவு எளிமையாக இறங்கியிருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பயமும் இருக்கிறது. 2025–26 முதல் தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால், அந்தத் தேர்வு 2018இல் வருவதற்கு முன்பு, ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிய பள்ளிகளை நம் பக்கத்துப் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமும் ஒரே புத்தகம், மதிப்பெண் மட்டும் குவியும். அப்படி நடந்தால் முதலில் போவது இந்த டம்ளரும் பச்சோந்தியும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்துவிட்டு நேரே கல்லூரிக்குப் போய்விடுவார்கள். நாளைக்கு நம் விண்ணப்பங்களுக்கு நிரல் எழுதப்போவதும் அவர்களில் சிலர்தான்.

ஆகவே கணினி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு இல்லாத வருஷம் உங்கள் கையில் கிடைத்திருக்கிறது. அந்த அத்தியாயங்களுக்கு மூன்று வாரம் கூடுதலாகவே கொடுங்கள்.