பத்தும் பத்தும்

(முதுகலை இயற்பியல் மாணவன் ஒருவன்)

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நம் விடுதியில் ஒரு சடங்கு நடக்கிறது. ஒலிம்பிக் பந்தயங்கள் முடிந்த மறுநாள், உணவுக் கூடத்தில் உட்கார்ந்து பதக்கங்களை மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். 2024 பாரிஸ் பந்தயங்கள் முடிந்தபோதும் அவ்வாறே வகுத்தோம். இந்தியாவுக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். நூற்று நாற்பது கோடிப் பேருக்கு ஆறு பதக்கம்.

எதிரே சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்த வடநாட்டு நண்பர் சொன்னார்: "ஹங்கேரியைப் பாருங்கள். ஒரு கோடி ஜனம்கூட இல்லை. ஆறு தங்கம்! 1936-லேயே உலகத்தில் மூன்றாவது இடம். அவர்கள் ரத்தத்திலேயே அது இருக்கிறது."

சாதம் வருவதற்காகக் காத்திருந்த நாங்கள் இரண்டு மூன்று தமிழர்களும் வாய் திறக்கவில்லை. ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவரிடம் ஆதாரம் கேட்பது விஞ்ஞான மாணவனின் கடமை. ஆனால் அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்ததில் பெருமை கொள்ள நிறைய இருந்தது; தூக்கம் கெடவும் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் நம் சங்க நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நண்பருக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். முதல் உலகப் போரில் ஹங்கேரி தோற்றது. 1920 ஜூன் 4-ஆம் நாள் திரியானோன் உடன்படிக்கையில் தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குத் தோற்ற நாடுகளை அழைக்கவில்லை. ஹங்கேரிக்கும் அழைப்பு இல்லை. அந்த நாடுதான் 1924-இல் பாரிஸில் இரண்டு தங்கம் வென்றது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் நான்கு. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறு. 1936-இல் பெர்லினில் பத்து. ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய இரு பெரு நாடுகளுக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. படிப்படியாக ஏறும் இந்த எண்களைப் பார்த்து வியக்காதவன் கல் நெஞ்சன்தான்.

ஆனால் வியப்பு விடையாகிவிடாது. எப்படி வென்றார்கள்?

வாட்போரை எடுத்துக்கொள்வோம். சேபர் என்னும் வாள்வகையில் தனிநபர் தங்கம் 1908 முதல் 1964 வரை, ஹங்கேரி அழைக்கப்படாத 1920 நீங்கலாக, ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹங்கேரியருக்கே கிடைத்தது. ரத்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்தக் கலையைச் செப்பனிட்டுத் தந்தவர்களில் முதன்மையானவர் ஹங்கேரியரே அல்லர். 1896-இல் புடாபெஸ்ட் வந்து அங்கேயே தங்கிவிட்ட இத்தாலோ சாந்தெல்லி என்ற இத்தாலியர். அவர் கூடத்தில் பழகியவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள். இராணுவத்தார் மட்டுமா கற்றார்கள்? 1924-இல் தங்கம் வென்ற ஷாண்டோர் போஷ்டா ஒரு பல் மருத்துவர்! ஆசானிடமிருந்து மாணவனுக்கு வந்த வித்தை அது. நம் ஊரில் நாயனமும் மிருதங்கமும் வந்த வழி எதுவோ, அதுவே.

நீச்சலும் அப்படித்தான். புடாபெஸ்ட் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த நகரம்; பனிக் காலத்திலும் நீந்த வழியுண்டு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் இரண்டு முதலிடம் பெற்ற ஆல்ஃபிரெட் ஹாயோஷ் பின்னர் கட்டடக் கலைஞரானார். டான்யூப் ஆற்றின் நடுவே உள்ள மார்கிட் தீவில் அவர் வரைந்த திட்டப்படி 1930-இல் உள்ளரங்க நீச்சல் குளம் எழுந்தது. நீந்தியவனே குளம் கட்டிய கதை இது. வாட்டர் போலோவுக்கு பேலா கொம்யாடி என்ற ஆசான் வாய்த்தார்; 1932-இலும் 1936-இலும் தங்கம் அவர்களுக்கு. அந்த அணியில் ஆடிய ஒலிவேர் ஹலாஷிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சிறு வயதில் டிராம் விபத்தில் போயிற்று. அந்தப் பிள்ளையை, "நீ போய் ஓரமாக உட்கார்" என்று சொல்லாமல் யாரோ ஒருவர் தண்ணீரில் இறக்கினாரே, அங்கே பிறந்தது அந்தத் தங்கம்! பெர்லினில் நூறு மீட்டர் நீச்சலில் பெயர் பெற்ற ஜப்பானியரை முந்திய ஃபெரென்ஸ் சிக், நம்மைப் போல் ஒரு மாணவர், மருத்துவம் படித்தவர்.

நம் கதையும் இதையே சொல்கிறது. 1936-இல் பெர்லினில் இந்தியாவின் ஹாக்கி அணி முதல் ஆட்டத்திலேயே சந்தித்தது இதே ஹங்கேரியைத்தான். நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றோம். இறுதியில் தங்கமும் நமதே. அன்று ஹாக்கி நம் ரத்தத்தில் இருந்ததா? தியான் சந்த் இராணுவத்தில் இருந்தவர். பட்டாளத்தில் மைதானம் இருந்தது, மட்டை இருந்தது, ஆடக் கற்றுக் கொடுக்க ஆள் இருந்தது. அங்கே நுழைந்தவர் வென்றார். ஆகவே பதக்கங்களை நாட்டின் மொத்தத் தலைகளால் வகுப்பது பிழையான கணக்கு. குளத்துக்கும் கூடத்துக்கும் உள்ளே நுழைய முடிந்தவர் எத்தனை பேரோ, அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

இனி, தூக்கம் கெடுத்த பகுதிக்கு வருகிறேன்.

ஒலிம்பிக் வாயில் ஹங்கேரிக்கு மூடப்பட்ட அதே 1920-இல், ஹங்கேரி தன் பல்கலைக் கழக வாயிலை ஒரு பகுதி மக்களுக்கு மூடிற்று. மாணவர் சேர்க்கையை மக்கட்பிரிவுகளின் விகிதப்படி வரையறுக்கும் சட்டம் அது. யூத மாணவரை ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு என்று குறைப்பதே நோக்கம். நம் நாட்டு இட ஒதுக்கீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம்முடையது பூட்டிக் கிடந்த கதவைத் திறக்க வந்தது. அவர்களுடையது திறந்திருந்த கதவைப் பூட்ட வந்தது.

ஆயினும் வாட்கூடமும் குளமும் மல்யுத்தக் களமும் அன்று யூதருக்கு அடைபடவில்லை. விளைவு என்ன? 1936-இல் பத்துத் தங்கம் வென்றவர் பட்டியலைப் பாருங்கள். சேபர் வாளில் எந்த்ரே கபோஷ் ஒரு யூதர். மல்யுத்தத்தில் ஜெர்மானியரை வீழ்த்திய காரோய் கார்பாத்தி ஒரு யூதர். பெண்கள் உயரத் தாண்டுதலில் வென்ற இபோயா சாக் ஒரு யூதப் பெண். அவ்வாண்டு ஜூனில் 1.60 மீட்டர் தாண்டிய தன் நாட்டு வீராங்கனை கிரேட்டல் பெர்க்மனை, யூதர் என்பதற்காகவே ஜெர்மனி அணியிலிருந்து விலக்கியிருந்தது. அதே பந்தயத்தில், ஹிட்லரின் தலைநகரில், ஒரு யூதப் பெண் தங்கம் வாங்கினார்!

1938-இல் ஹங்கேரி நாடாளுமன்றம் யூதர்களைத் தொழில்களிலும் உத்தியோகங்களிலும் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அடுத்தடுத்து இன்னும் கொடிய சட்டங்கள் வந்தன. போர்க் காலத்தில் யூத ஆண்களைக் கட்டாய உழைப்புப் படைகளில் சேர்த்தார்கள். 1928-இலும் 1932-இலும் சேபர் அணியில் தங்கம் வென்ற அட்டிலா பெட்ஷாவர் அத்தகைய படையில் உக்ரைனுக்கு அனுப்பப்பட்டு 1943 ஜனவரியில் மாண்டார். 1928 அணியில் அவரோடு நின்ற யானோஷ் கராய் 1945-இல் மவுத்ஹவுசன் வதை முகாமில் இறந்தார். 1944 நவம்பர் 4-ஆம் நாள் புடாபெஸ்டின் மார்கிட் பாலம் வெடித்துச் சிதறியபோது பாலத்தின் மேல் இருந்தவர்களில் ஒருவர் எந்த்ரே கபோஷ். ஹாயோஷின் குளம் இருக்கும் தீவை ஒட்டியே செல்லும் பாலம் அது. இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்ட யூதர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

போர் முடிந்து 1948-இல் லண்டன் ஒலிம்பிக் நடந்தது. ஹங்கேரி எத்தனை தங்கம் வென்றது தெரியுமா?

பத்து.

1936-இல் பத்து, 1948-இல் பத்து. பதக்கப் பட்டியலை மட்டும் வாசிக்கிறவனுக்கு இடையில் எதுவுமே நடக்கவில்லை! ஆய்வுக் கூடத்தில் ஒரு கருவி தீ விபத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அளவைக் காட்டினால், "விபத்தே இல்லை" என்றா எழுதுவோம்? இந்தக் கருவி தீயை அளக்காது என்று எழுதுவோம். பதக்கப் பட்டியலும் அப்படிப்பட்ட கருவியே. வென்றவர் எத்தனை பேர் என்று சொல்லும். வெளியே நிறுத்தப்பட்டவர் யார், வென்ற பிறகு அவர்களை நாடு என்ன செய்தது என்று அது சொல்லாது.

பதக்கம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நம் கொடி ஏறினால் எனக்கும் மெய் சிலிர்க்கும். காயம்பட்ட ஒரு சிறு நாட்டுக்கு அந்தத் தங்கங்கள் தந்த ஆறுதலையும் நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் வென்ற நாளில் "நம்மவர்" என்று தோளில் தூக்கி, மறுநாள் "நீ வேற்றாள்" என்று கதவைச் சாத்துவது நாட்டுப்பற்று ஆகாது. ஊரைவிட்டு வந்து படிக்கும் நமக்கு இது புத்தகத்தில் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கிரிக்கெட்டில் சென்னைக்காரர் சதம் அடித்த இரவில் நாம் எல்லோருக்கும் நண்பர்கள். மற்ற இரவுகளில் "மதராசி" என்ற பெயர் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. இது சிறு முள்தான். அந்தப் பெருங்கொடுமையோடு ஒப்பிட நான் துணியேன். ஆனாலும் அந்தப் புத்தி எங்கே தொடங்குகிறது என்பதை முள் குத்தினவன் அறிவான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் பல்கலைக் கழகத்து நீச்சல் குளம் ஆண்டில் பாதி நாள் ஆளில்லாமல் கிடக்கிறது. விடுதிச் சமையற்காரர்களின் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று அந்த நீல நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில், அவர்களை உள்ளே விடும்படி நம் சங்கம் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதட்டும். வடநாட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் முதல் கையெழுத்து தானே போடுவதாகச் சொன்னார். அவர் நல்லவர், கணக்கில்தான் சிறு பிழை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன்கூட ஒலிம்பிக் போகாமல் இருக்கலாம். போகட்டும், நீந்தக் கற்றிருப்பான் அல்லவா?